ஸ்பெயினில் மொழி படிக்கப் போகிறவர்களுக்கு: புறப்பாட்டிலிருந்து முதல் சில மாதங்கள் வரை

ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே இங்கிலீஷை வைத்துச் சமாளித்துவிடலாமா?" என்பதுதான். மத்ரீத், பார்சலோனா நகரங்களின் சுற்றுலாத் தெருக்களில் சமாளித்துவிடலாம். ஆனால் வாடகை அறை, நகராட்சிப் பதிவு, அடையாள அட்டை, மருந்துக்கடை, காய்கறிக்கடை என்று நிஜ வாழ்க்கை நடக்கும் இடங்களில் முடியாது. அப்படி முடியாமல் இருப்பது மொழி படிக்க வருகிறவருக்கு நல்லது. வகுப்பில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, நகராட்சிச் சன்னலில் நின்று நாமே பேசி ஒரு காகிதத்தை வாங்கி வரும் பத்து நிமிடம் அதிகம் கற்றுத்தரும். யாராவது கூட வந்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தால், அந்தப் பாடம் அவருக்குப் போய்விடும். குடியேறும் வேலைகளையே பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

எந்த ஊர்?

நான் இருந்தது சலமான்காவில். மத்ரீதுக்கு வடமேற்கே பேருந்தில் சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். வில்லமயோர் என்ற பக்கத்துக் கிராமத்துக் கல்லில் கட்டிய கட்டடங்கள் மாலை வெயிலில் பொன்னாகத் தெரியும். ஊர் முழுவதும் நடந்தே போய்வரலாம் என்பதால் போக்குவரத்துச் செலவு கிடையாது. ஆண்டு முழுவதும் வெளிநாட்டு மாணவர்கள் வருவதால், அறை வாடகைக்கு விடுகிறவருக்கும் காபிக்கடைக்காரருக்கும் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவரிடம் பொறுமை உண்டு. அதற்குச் சரிசமமாகக் குளிரும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

கிரனாதாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு தின்பண்டம் இலவசமாக வரும். மாணவர்களுக்குப் பிடித்த ஊர். ஆனால் அந்த ஊர் இருக்கும் ஆண்டலூசியாப் பகுதியின் பேச்சில் சொல்லின் கடைசி 'ஸ்' பெரும்பாலும் விழுங்கப்படும். முதல் மாதங்களில் காதுக்குக் கொஞ்சம் சிரமம். பார்சலோனாவில் தெருப்பலகையும் பள்ளி அறிவிப்பும் காத்தலான் மொழியிலும் இருக்கும். அதை அறிந்து போனால் குழப்பமில்லை. மத்ரீதில் எல்லாம் கிடைக்கும், வாடகைதான் கையைக் கடிக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நடுத்தர ஊர்தான் நல்லது என்பேன். தினமும் ஒரே ரொட்டிக்கடை, ஒரே முகங்கள்; பேச்சு தானாக வளரும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்ஸ்திதூத்தோ தெர்வாந்தெஸின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பானிஷ் மொழியை உலகில் பரப்ப 1991இல் ஸ்பெயின் அரசு தொடங்கிய நிறுவனம் அது. புது தில்லியிலும் கிளை உண்டு. நீண்டகால மாணவர் விசாவுக்கு வாரம் 20 மணி நேர வகுப்பாவது இருக்க வேண்டும். சேர்க்கைக் கடிதத்தில் மணி நேரமும் தொடக்க, முடிவுத் தேதிகளும் தெளிவாக இருக்கட்டும்.

புறப்படும் முன்: காகிதங்களும் பெயரும்

வெளிநாட்டவர் தொடர்பான விதிகளை ஸ்பெயின் புதிதாக எழுதி 2025 மே 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய காணொளிகளையும் நண்பர்களின் பழைய பட்டியல்களையும் நம்பாமல், தூதரகத்தின் பட்டியலை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அடிப்படை மாறவில்லை: சேர்க்கைக் கடிதம், மாதம் 600 யூரோ என்ற கணக்கில் படிப்புக் காலம் முழுவதற்கும் பணம் இருப்பதற்கான வங்கிச் சான்று, மருத்துவக் காப்பீடு, தங்குமிட விவரம். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் காவல்துறை நற்சான்றும் மருத்துவச் சான்றும் சேரும். இந்திய நற்சான்றுக்கு, அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்தில் முத்திரையும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் தேவை. இவற்றுக்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் நான்கு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். காப்பீட்டில் ஒவ்வொரு மருத்துவர் சந்திப்புக்கும் நாம் பங்குப் பணம் கட்டும் திட்டம் ஏற்கப்படாது. "சின் கோப்பாகோ" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி, நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம்: பெயர். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. பொதுவாகத் தந்தையின் முதல் குடும்பப் பெயர், பிறகு தாயின் முதல் குடும்பப் பெயர். திருமணமானாலும் பெண்கள் அதை மாற்றுவதில்லை. நமக்கோ குடும்பப் பெயரே இல்லை, தலைப்பெழுத்துதான். சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். சிலருக்கு முழுப் பெயரும் ஒரே வரியில் ஒட்டிக்கிடக்கும். ஸ்பானிஷ் படிவத்தில் "அப்பெய்யீதோஸ்" என்ற கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. அதிகாரி தன் விருப்பப்படி பெயரைப் பிரித்துவிடுவார். ஒரு காகிதத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி என்று வந்தால் பிறகு வங்கியிலும் அடையாள அட்டையிலும் இரண்டு வெவ்வேறு ஆட்களாகத் தெரிவோம்.

அதனால் முடிந்தால் விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பி மறுபதிப்பு வாங்கிவிடுங்கள். அதன்பின் பள்ளிக் கடிதம், காப்பீடு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், தலைப்பெழுத்தைச் சுருக்காமல் எழுதுங்கள். இரண்டாவது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால் "நோ தெங்கோ", இல்லை என்று சொன்னால் போதும். வகுப்பில் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடும். முதல் நாளே "மே ய்யாமோ..." என்று உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். அதுதான் அங்கே நாம் தானாகச் சொல்லும் முதல் வாக்கியமும்கூட.

முதல் வாரம்

விமானப் பயணச் சீட்டின் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்பெயினுக்குள் நுழைந்த தேதியைக் காட்ட அது பிறகு உதவும். மத்ரீத் விமான நிலையத்திலிருந்து சலமான்காவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. ரயில் என்றால் சமர்த்தீன் நிலையத்திலிருந்து. உள்ளூர் சிம் வாங்கப் பாஸ்போர்ட் போதும்.

அறையை ஊரிலிருந்தே பணம் அனுப்பிப் பிடிக்காதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புகிறேன்" என்பது அங்கே எல்லோரும் அறிந்த மோசடி. முதல் இரண்டு வாரம் பள்ளி மூலம் ஒரு குடும்பத்தோடோ மாணவர் விடுதியிலோ தங்குங்கள். பிறகு நேரில் பார்த்து எடுங்கள். தேடும்போது "பீசோ கொம்பர்த்தீதோ" என்று கேளுங்கள். பகிர்ந்து வாழும் வீடு என்று பொருள். அறை பார்க்கும்போது நான்கு விஷயங்களை வாய்விட்டே கேட்க வேண்டும்.

முதலாவது, அறை "எக்ஸ்தெரியோரா, இன்தெரியோரா?" வெளிப்பக்கச் சன்னலா, கட்டடத்தின் நடுவில் உள்ள காற்றுக்கிணற்றைப் பார்த்த சன்னலா? உள்பக்க அறையில் வாடகை குறையும், பகலிலும் விளக்குப் போட்டுத்தான் படிக்க வேண்டும். இரண்டாவது, வெப்பமூட்டும் வசதி கட்டடம் முழுவதற்கும் பொதுவா, வீட்டுக்குத் தனியா, செலவு யாருடையது? நான் முதலில் எடுத்த அறையில் "செலவு எல்லாம் உள்ளடக்கம்" என்றார்கள். நவம்பரில்தான் தெரிந்தது, அதில் வெப்பமூட்டி சேரவில்லை என்று. மூன்றாவது, முன்வைப்புத் தொகை. "ஃபியான்தா" என்பார்கள். வழக்கம் ஒரு மாத வாடகை. நான்காவதும் முக்கியமானதும்: "இந்த முகவரியில் என்னைப் பதிவு செய்ய விடுவீர்களா?" ஏன் முக்கியம் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

சன்னலுக்கு வெளியே சுருட்டி இறக்கும் பலகைத் திரை இருக்கும், பெர்சியானா என்பார்கள். குளிர்கால இரவில் அதை முழுதாக இறக்கிவிட்டால் அறையின் சூடு வெளியே போகாது. கோடைப் பகலில் இறக்கிவைத்தால் வெயில் உள்ளே வராது. வந்த புதிதில் நான் அதைத் தொடவே இல்லை. பக்கத்து அறைப் பெண்தான் ஒருநாள் மாலை வந்து நாடாவைப் பிடித்து இறக்கிக் காட்டினாள்.

அறைக்குள் வந்ததும் ஒரு சின்ன மகிழ்ச்சி காத்திருக்கிறது. மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியோ, துவாய்க்குத் தொவாய்யா, சப்பாத்துக்குத் தபாத்தோ. போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைகளுக்கு வந்த சொற்களின் உடன்பிறப்புகள் இவை. துவாயும் சப்பாத்தும் இலங்கைத் தமிழர் வாயில் இன்றும் அன்றாடம் புழங்குகின்றன. முதல் இரவே நான்கு சொல் தெரிந்தவராகத் தூங்கப் போகலாம்.

பதிவும் அட்டையும்

நகராட்சியின் பெயர் அயுந்தமியெந்தோ. அந்த ஊரில் குடியிருப்பவர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு எம்பத்ரொனமியெந்தோ என்று பெயர், பேச்சில் "பத்ரோன்". பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும், ஒப்பந்தம் உங்கள் பெயரில் இல்லையென்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். கட்டணம் பெரிதாக எதுவும் இல்லை. அங்கே தரும் ஒரு தாள், "போலாந்தே", அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சில வீட்டுக்காரர்கள் இதற்குச் சம்மதிக்காமல் இழுத்தடிப்பார்கள். முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் நம் கை தாழ்ந்துவிடும். அதனால்தான் அறை பார்க்கும்போதே கேட்கச் சொன்னேன்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைத் "தியே" என்றோ வெறுமனே "தர்ஹேத்தா" என்றோ சொல்வார்கள். அதில் உள்ள எண் "நியே". ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவான விசாவில் வந்தவர்களுக்கு இந்த அட்டை வேண்டியதில்லை.

இந்த வேலையில் கடினமானது படிவம் அல்ல, முன்பதிவு நேரம் பிடிப்பதுதான். "தீத்தா ப்ரேபியா" என்பார்கள். இணையத்தில் பிடிக்க வேண்டும். பெரிய நகரங்களில் நாள்கணக்கில் இடமே காட்டாது. காலையிலும் மதியத்திலும் திரும்பத் திரும்பப் பாருங்கள். யாரோ ரத்து செய்த இடம் திடீரென்று திறக்கும். காசு வாங்கிக்கொண்டு நேரம் பிடித்துத் தருவதாகச் சொல்கிறவர்களிடம் போகாதீர்கள், நேரம் பிடிப்பது இலவசம். வந்திறங்கிய முதல் வாரமே தேடத் தொடங்கினால் ஒரு மாதக் கெடு நெருக்காது.

பிடித்த நாளுக்கு முன்பு கையில் இருக்க வேண்டியவை: நிரப்பிய 17ஆம் எண் படிவம், 790 படிவத்தின் 012ஆம் பிரிவில் கட்டிய கட்டண ரசீது, பாஸ்போர்ட்டும் விசாப் பக்க நகலும், போலாந்தே, 32க்கு 26 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம். கட்டணம் சுமார் 16 யூரோ. அதை வங்கியில் கட்ட வேண்டும். பல கிளைகளில் பணச் சன்னல் காலை 11 மணி வரைதான். காவல் அலுவலகத்தில் விரல் ரேகை எடுத்து ஒரு ஒப்புகைத் தாள் தருவார்கள். அட்டை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டைப் போலவே பத்திரமாக வைத்திருங்கள்.

இந்தச் சன்னல்களுக்குப் போகும் முன்தினம் இரவு நான் ஒரு தாளில் நான்கு வாக்கியங்கள் எழுதி, சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். என்ன வேண்டும், என்ன கொண்டுவந்திருக்கிறேன், எப்போது வந்து வாங்கலாம், தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள். "மாஸ் தெஸ்பாத்தியோ, போர் ஃபபோர்" என்ற கடைசி வாக்கியத்தைத்தான் அதிகம் பயன்படுத்தினேன். அதைச் சொன்னதும், கடுகடு என்று இருந்த அலுவலர்கூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, தாளைத் திருப்பி, பேனாவால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டினார். கையெழுத்துப் போடும் கட்டம், "ஃபீர்மா" என்ற சொல், அன்றிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை.

சாப்பாடு

நேரம்தான் முதலில் பழக வேண்டியது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குமேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குமேல். நடுவே இரண்டிலிருந்து ஐந்து வரை சிறு கடைகள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இல்லை. சனிக்கிழமை மாலைக்குள் அரிசி, பால் வாங்கிவிடுங்கள். வெளியே சாப்பிடுவதென்றால் வார நாள் மதியத்தில் "மெனு தெல் தீயா" மலிவு: ஒரு முதல் தட்டு, ஒரு இரண்டாம் தட்டு, ரொட்டி, பானம், இனிப்போ காபியோ எல்லாம் ஒரே விலையில்.

சைவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். "கார்னே இல்லாமல்" என்று கேட்டால் போதாது. அன்றாடப் பேச்சில் கார்னே என்பது இறைச்சித் துண்டு. உப்பில் உலர்த்திய பன்றித்தொடையான ஹமோனும், சூரை மீனும் அந்தச் சொல்லுக்குள் வருவதாகப் பலர் நினைப்பதில்லை. நான் ஒரு சின்ன உணவகத்தில் இறைச்சி வேண்டாம் என்று சொல்லிப் பச்சைப் பீன்ஸ் கேட்டேன். ஆவி பறக்க வந்த தட்டில் சிவப்புச் சிவப்பாக ஹமோன் துணுக்குகள். பரிமாறியவருக்கு என் முகம் ஏன் மாறியது என்றே புரியவில்லை. ருசிக்குத்தானே போட்டிருக்கிறது என்றார். கலவை சாலட்டில் சூரை மீன் இருக்கும். பருப்புக் குழம்பில் சொரீத்தோ என்ற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். குளிர்ந்த தக்காளிச் சூப்பான சல்மொரேஹோவின் மேலே ஹமோன் தூவியிருக்கும். அதனால் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம்: "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்", இறைச்சியும் மீனும் ஹமோனும் சாப்பிட மாட்டேன். சூப், அரிசி உணவு என்றால், வேகவைத்த நீர் எதிலிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றால் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த தொர்த்தீய்யா. முட்டையும் வேண்டாதவர்களுக்குப் பொரித்த பத்ரோன் மிளகாயும் தக்காளி தேய்த்த ரொட்டியும். ஹலால் வேண்டுவோர் மொரோக்கோக்காரர்களின் இறைச்சிக்கடையைக் கேட்டுப் போங்கள். நடுத்தர ஊர்களிலும் இருக்கும்.

சமையல் என்றால் நம்பிக்கையோடு போகலாம். சலமான்காவுக்கு வடக்கே லா அர்முஞா என்ற பகுதியின் மசூர் போன்ற பருப்பு நாடறிந்தது. தோலோடு இருந்தாலும் குழையாமல் வெந்து, சாம்பாருக்கு ஒத்துப்போகும். பாஸ்மதி அரிசி பெரிய கடைகளில் உண்டு. தயிருக்கு "சர்க்கரை இல்லாத நத்துரால்" பார்த்து எடுங்கள். கொத்தமல்லித்தழை, மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், புளி ஆகியவற்றுக்குத் தென் அமெரிக்கர்கள் நடத்தும் கடைக்குப் போக வேண்டும். மசாலாவுக்கு மத்ரீதின் லவபியேஸ், பார்சலோனாவின் ரபால் பகுதிகள். கறிவேப்பிலையை மட்டும் காயவைத்து எடுத்து வாருங்கள்.

அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தளத்து மின்னடுப்பு. குழிந்த வாணலி அதில் நிற்காது. இன்டக்ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடாகவே செய்யாது. அடி தட்டையான எவர்சில்வர் குக்கர் ஒன்று போதும். அது விசில் அடிக்கும் என்று கூட இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் முதல் விசிலுக்கு மூன்று பேரும் சமையலறைக்கு ஓடி வந்தார்கள். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சாம்பார் கேட்டார்கள். பருப்பு, புளி, கடுகு என்று ஒவ்வொன்றையும் ஸ்பானிஷில் விளக்கியதுதான் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பேச்சுப் பயிற்சி.

தமிழை வைத்து ஸ்பானிஷைப் பிடிப்பது

பள்ளிப் புத்தகங்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே கற்றுத்தரும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் சில இடங்களைத் தமிழர் ஒரே நாளில் தாண்டிவிடலாம். யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை, தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

"மே குஸ்தா எல் கஃபே." ஆங்கிலத்தில் யோசித்தால் இந்த வாக்கியம் தலைகீழ். தமிழில் "எனக்குக் காபி பிடிக்கும்". அப்படியே நேராக நிற்கிறது. "மே துவேலே லா கபேத்தா", எனக்குத் தலை வலிக்கிறது. 'எனக்கு' என்று நாம் சொல்லும் இடமெல்லாம் பெரும்பாலும் 'மே' வரும்.

வினைமுற்றிலேயே ஆள் தெரிவதும் நம் வழக்கம்தான். "அப்லோ" என்றால் பேசுகிறேன், "அப்லாஸ்" என்றால் பேசுகிறாய். 'நான்', 'நீ' தேவையில்லை. ஆங்கிலப் பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "யோ, யோ" என்று தொடங்கினால், எல்லாவற்றிலும் தன்னையே முன்னால் நிறுத்துவதுபோல் கேட்கும்.

இன்னொன்று இன்னும் நுட்பமானது. "படம் பார்த்தேன்" என்கிறோம், ஆனால் "மரியா பார்த்தேன்" என்று சொல்ல மாட்டோம்; "மரியாவைப் பார்த்தேன்" என்றுதான் வரும். ஆளென்றால் 'ஐ' உருபு விடுபடாது. ஸ்பானிஷிலும் அதே கதை. படத்தைப் பார்த்தால் "பேயோ ஊனா பெலீகுலா", மரியாவைப் பார்த்தால் "பேயோ ஆ மரியா". அந்த நடு 'ஆ'தான் நம் 'ஐ'. வகுப்பில் ஆசிரியர் இதை விளக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு நன்னூல் வகுப்பில் படித்த இரண்டாம் வேற்றுமை நினைவுக்கு வந்தது.

ஒலியிலும் அப்படித்தான். "பெரோ" என்றால் ஆனால். "பெறோ" என்றால் நாய். இடையின ரகரமும் வல்லின றகரமும் இலக்கணத்தில் படித்தவர்கள் அந்த றகரத்தை நாக்கு நுனி அதிர அழுத்திச் சொல்லிப் பழகினால் போதும். 'அக்வா' என்று எழுதும் தண்ணீரில் உள்ள ககரம், நம் 'பகல்' என்ற சொல்லின் ககரம்போல மெலிந்து ஒலிக்கும். த என்ற ஒலிக்கு ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' போடாதீர்கள். தமிழ்த் தகரம்தான் சரி. 'கிராத்தியாஸ்' என்பதன் நடு ஒலி, நாக்கைப் பல்லிடையே நீட்டிக் காற்று விடுவது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் அப்படித்தான்.

தமிழ் நம்மைத் தடுக்கும் இடங்களும் உண்டு. 'எலி'யை 'யெலி' என்றும் 'ஒன்று' என்பதை 'வொண்ணு' என்றும் சொல்லும் பழக்கத்தில், 'எல்' என்பதை 'யெல்' என்றும் 'ஒத்ரோ' என்பதை 'வொத்ரோ' என்றும் சொல்லிவிடுவோம். கவனமாக விட வேண்டிய பழக்கம். சொல்லின் தொடக்கத்தில் வரும் ப ஒலியின் இரு வகைகளையும் காது பிரிக்க வேண்டும். b-யில் தொடங்கும் 'beso' என்றால் முத்தம், p-யில் தொடங்கும் 'peso' என்றால் எடை. பிறகு, மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்ற கணக்குக்கு நம் உயர்திணை, அஃறிணை எதுவும் உதவாது. சொல்லைத் தனியாகப் படிக்காமல் 'லா மேசா', 'எல் லீப்ரோ' என்று முன்சொல்லோடு சேர்த்தே வாயில் ஏற்றுங்கள்.

ஆட்களோடு

காய்கறிக்கடையிலோ மருத்துவமனையிலோ வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு மூலையில் நிற்பார்கள். உள்ளே போனதும் "கியேன் எஸ் எல் ஊல்திமோ?" என்று கேளுங்கள்: கடைசி ஆள் யார்? ஒருவர் கை உயர்த்துவார். அவருக்குப் பின் நீங்கள். அடுத்து வருகிறவர் கேட்கும்போது நீங்கள் கை உயர்த்த வேண்டும். அந்த முறை வந்த நாளில் எனக்கு ஊர்க்காரனாகிவிட்டதுபோல இருந்தது. மின்தூக்கியில் முன்பின் தெரியாதவருக்கும் "புவெனோஸ் தியாஸ்", இறங்கும்போது "அஸ்தா லுவேகோ" என்று சொல்வது வழக்கம். சொல்லாமல் நின்றால்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். நீ, நீங்கள் போல தூ, உஸ்தேத் உண்டு. ஆனால் ஸ்பெயினில் ஆசிரியரையே தூ போட்டுத்தான் பேசுவார்கள். எனக்கு வாய் வரச் சில வாரம் ஆனது. வயதான பக்கத்து வீட்டாருக்கும் அரசு அலுவலருக்கும் உஸ்தேத் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தித்தால் பெண்களோடு கன்னத்தில் இருபக்கமும் முத்தமிடுவது முறை. விருப்பமில்லையென்றால் சற்று முன்பே கையை நீட்டிவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மொழிப் பரிமாற்றச் சந்திப்புகள், "இந்தெர்காம்பியோ", எல்லா மாணவர் ஊரிலும் உண்டு. அங்கே வரும் உள்ளூர்க்காரர்களுக்கு ஆங்கிலம் பேச ஆசை. அரை மணி அது, அரை மணி இது என்று கைபேசியில் நேரம் வைத்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் மாலை முழுவதும் ஆங்கிலத்திலேயே கழிந்துவிடும்.

உடம்பு சரியில்லாமல் போனால் பச்சைச் சிலுவை ஒளிரும் ஃபர்மாத்தியாவில் முதலில் கேளுங்கள். மருந்தாளர்கள் நிதானமாக வழிசொல்வார்கள். ஆன்டிபயாடிக் மட்டும் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. அவசரத்துக்கு 112.

தேர்வும் நீட்டிப்பும்

ஸ்பானிஷ் மொழித் திறனுக்குத் தேலே (DELE), சியேலே (SIELE) என்று இரண்டு தேர்வுகள் உண்டு. தேலே சான்றுக்குக் காலாவதி இல்லை. சியேலே சான்று ஐந்து ஆண்டு செல்லும், ஆனால் முடிவு சீக்கிரம் வரும். விசா நீட்டிப்புக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேலேவுக்குப் பதிவு பல வாரம் முன்பே முடிந்துவிடும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். நீட்டிப்பு கேட்கும்போது வகுப்புக்கு ஒழுங்காகப் போன சான்றைப் பார்ப்பார்கள் என்பதால், முதல் மாதத்திலிருந்தே வருகைப் பதிவில் கவனம் வேண்டும்.

அட்டைக்கோ நீட்டிப்புக்கோ விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலத்தில் பொங்கலுக்கு ஊருக்குப் போக நினைத்தால், ஒப்புகைத் தாளை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். திரும்பி வர "அவுத்தொரிதாத்தியோன் தே ரெக்ரேசோ" என்ற தனி அனுமதி தேவை. அதற்கும் முன்பதிவு நேரம் பிடித்து, கட்டணம் கட்டி, காவல் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த நேரத்தைப் பிடித்துவிடுங்கள். சன்னலில் சொல்ல வேண்டிய வாக்கியம், "போய் ஆ பெர் ஆ மி மத்ரே", அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அம்மாவுக்கு முன்னால் வரும் அந்த 'ஆ' விடுபடக்கூடாது.